வெளிநாட்டுச் சம்பளமும் வீட்டுக் கணக்கும்: உடப்புசல்லாவையிலிருந்து ஒரு பார்வை

உடப்புசல்லாவை பஸாரில் இன்று கடவுச்சீட்டு எடுக்காத வீடு குறைவு. தோட்டத்து லயங்களிலும் அப்படித்தான், பஸாரை ஒட்டியிருக்கும் எங்கட முஸ்லிம் வீடுகளிலும் அப்படித்தான். சவூதி, குவைத், கட்டார், டுபாய் என்ற பெயர்கள் இராகலை, ஹாவாஎலிய என்பதைப் போல வாயில் புழங்குகின்றன. ஒருவர் போகப்போகிறார் என்றால் ஊர் கேட்கும் முதற்கேள்வி, “சம்பளம் எவ்வளவு?” என்பதுதான். வணிகக் கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் ஒப்பந்தத் தாளை வாசித்துச் சொல்லும்படி பலர் என்னிடம் வருவதுண்டு. அவர்களும் சம்பளத் தொகை எழுதிய வரியைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு போவதா, இருப்பதா என்று முடிவெடுக்க முடியாது. வேறு என்னென்ன வரிகளைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

துண்டுக் காலத்துக் கடன்

தொழில் தேடிக் கடல் கடப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. இங்குள்ள தோட்டங்களே அப்படி வந்தவர்களால் உருவானவை. திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் கங்காணிமார் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். வழிச்செலவுக்கும் ஊர்க்கடனை அடைக்கவும் கங்காணி முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் தொழிலாளியின் பேரில் கடனாக எழுதப்படும். மலைக்கு வந்து சேருமுன்பே அவர் கடனாளி.

ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் ‘துண்டு’ வேண்டும். இவருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுக்கும். தொழிலாளியின் கடன் அவரோடேயே இடம் மாறும். 1921இல் சட்டத்தின் மூலம் துண்டு ஒழிக்கப்பட்டது. அதற்குமுன் இரண்டு மூன்று தலைமுறைகள் அந்தத் தாளுக்குள் அகப்பட்டிருந்தன. நாள் சம்பளம் எவ்வளவு என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். கடன் எந்த வருஷம் தீரும் என்று எவரும் சொல்லவில்லை.

இரண்டாவது பெரிய பயணம் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு தொடங்கியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்தன. போனவர்கள் சேமலாப நிதியையும் சட்டிபானைகளையும் கட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு பகுதியினர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே கொழுந்து பறித்தார்கள்.

மூன்றாவது பயணம் மத்திய கிழக்குக்கானது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு அங்கே வேலைகள் பெருகின. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பயணம் விமானத்துக்கு மாறினாலும் முன்பணம், கடன், இடையில் நிற்கும் ஆள் ஆகிய மூன்றும் மாறவில்லை.

ரூபா விழுந்தபோது யாருக்கு இலாபம்?

2022இல் நாடு வங்குரோத்தானபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். அந்த வருஷம் மார்ச் வரை மத்திய வங்கி டொலரை 200 ரூபாவுக்குச் சற்று மேலே பிடித்து வைத்திருந்தது. பிடி விட்டதும் அது 360 வரை போனது. வளைகுடா நாணயங்களில் பல டொலரோடு கட்டப்பட்டவை. ஒரு டொலருக்குச் சவூதி ரியால் 3.75, கட்டார் ரியால் 3.64. ஆகவே டொலர் ஏறினால் அங்கிருந்து வரும் சல்லியும் ரூபாவில் ஏறும்.

கட்டாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் எஜமான் தராவிட்டால் முறையே 500, 300 ரியால் சேர்த்துத் தர வேண்டும். இந்தச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கும் பொருந்தும். அந்த 1,000 ரியால், டொலர் 200ஆக இருந்தபோது ஏறத்தாழ 55,000 ரூபா. 360ஆக இருந்தபோது ஏறத்தாழ 99,000 ரூபா. நூற்றுக்கு எண்பது கூடியிருக்கிறது. “சவூதிக்காரிக்கு அதிர்ஷ்டம்” என்று ஊர் பேசிய காலம் அதுதான்.

கடைப் பக்கம் பார்ப்போம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். இது கொழும்புக் கணக்கு. மலைக்கு மா, சீனி, பருப்பு எல்லாம் லொறியில் ஏறி வரவேண்டும் என்பதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் சல்லியில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் வீட்டில், எண்பது வீதம் கூடிய வருமானம் தொண்ணூற்றைந்து வீதம் ஏறிய விலையைச் சந்தித்தது. தாள் எண்ணிக்கை கூடியது. வாங்கிய அரிசி குறைந்தது. வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாவாக மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதை அரிசியாகவும் மாவாகவும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே ஒரு மாசம், அங்கே ஒரு மாசம்

தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. ஒரு பெண்ணுக்கு மாசம் 25 பேர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். (கொழுந்து குறையும் பனிக்காலத்தில் அவ்வளவு விழாது, நிறை போதாவிட்டால் அரைப்பேர்தான். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த பிறகு கொழுந்து விழுந்ததை இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் மறக்கவில்லை.) 25 நாளுக்கு 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு எட்டு வீதம், அதாவது 2,700 கழிந்தால் கைக்கு 31,050.

கைக்கு வராத பங்கும் உண்டு. கழித்த அந்த 2,700ஓடு தோட்டம் 12 வீதம் சேமலாப நிதிக்கும், 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் கட்டவேண்டும். மூன்றும் சேர்ந்தால் மாசம் 7,700 ரூபாவுக்கு மேல் அவர் பேரில் சேர்கிறது. ஆக, இங்கிருக்கும் உண்மைச் சம்பளம் ஏறத்தாழ 38,800. வெளிநாடு போனால் இந்தச் சேமிப்பு நின்றுவிடும். லயத்து வீடும் தோட்டப் பேரோடு ஒட்டியது. வீட்டில் ஒருவருமே பேர் போடாமற் போனால் அந்த அறை யாருக்கு என்ற பேச்சு எழும்.

அதே பெண் கட்டாருக்குப் போகிறார். டொலர் 300 என்று எடுத்தால் 1,000 ரியால் ஏறத்தாழ 82,400 ரூபா. சாப்பாடும் தங்குமிடமும் எஜமான் வீட்டிலே என்பதால் அங்கே செலவு இல்லை என்று வைப்போம். ஆனால் இங்கே செலவு கூடும். பிள்ளைகளைப் பார்க்கும் உம்மம்மாவுக்கோ சாச்சிக்கோ ஏதாவது கொடுக்க வேண்டும். சமைக்க ஆளில்லாத வீட்டில் கடைச்சாப்பாடு கூடும். பாடம் சொல்லிக்கொடுக்க டியூஷன். போன் காட். இவற்றுக்கெல்லாம் சேர்த்து 25,000 என்று குறைத்தே மதிப்பிடுகிறேன். மிச்சம் 57,400. இங்கே இருந்தால் கிடைக்கும் 38,800ஐக் கழித்தால், போனதால் வரும் உண்மையான கூடுதல் மாசம் 18,600. இரண்டு வருஷத்துக்கு ஏறத்தாழ நாலரை இலட்சம்.

நாலரை இலட்சம் சிறிய தொகையல்ல. ஒரு கிணறு, ஒரு கூரை, ஒரு மகளின் படிப்பு அதில் உண்டு. ஆனால் அங்கே மூன்று மாசச் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் 2,47,000 ரூபா போய்விடும். கூடுதலில் பாதிக்கு மேல் காணாமற் போகும். 82,400 என்ற எண்ணை மனசில் வைத்துக்கொண்டு போனவருக்கு இது விளங்காது. 18,600 என்ற எண்ணை வைத்துக்கொண்டு போகிறவர் முதல் மாசமே சம்பளத் துண்டைக் கேட்பார்.

ஆணுக்குக் கடன், பெண்ணுக்கு முன்பணம்

ஆண்கள் போகும் கணக்கு வேறு. ஒரு பொடியன் டுபாயில் துப்புரவு வேலைக்கு 1,200 திர்ஹத்துக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கம்பனி கேம்பில் தங்குமிடம் உண்டு. சாப்பாட்டுக்கும் போனுக்கும் 400 திர்ஹம். மிச்சம் 800, அதாவது டொலர் 300 கணக்கில் 65,000 ரூபா சொச்சம். வீட்டுக்கு 30,000 போனால், கடன் கட்ட 35,000 சொச்சம் மிஞ்சும்.

கடன் எவ்வளவு? ஏஜென்சிக்கும் சப் ஏஜென்டுக்கும் கொடுக்க ஆறு இலட்சம், மாசம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியது என்று கணக்குப் பண்ணுங்கள். முதல் மாச வட்டியே 18,000. கட்டும் காசில் பாதி வட்டிக்குப் போகிறது. இப்படியே கட்டினால் கடன் தீர 24 மாசமாகும். ஒப்பந்தமும் 24 மாசம்தான். இரண்டு வருஷம் பாலைவன வெயிலில் நின்றவன், தொடங்கிய இடத்துக்கு வந்து நிற்பான். அதே ஆறு இலட்சம் வட்டியில்லாமல் கிடைத்திருந்தால் 17 மாசத்தில் தீர்ந்திருக்கும். ஏழு மாச உழைப்பு, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ரூபா, அவன் கையில் மிஞ்சியிருக்கும். வட்டி ஹராம் என்று நாம் மிம்பரில் கேட்கிறோம். அது ஒரு பொடியனின் வாழ்நாளில் எத்தனை மாசத்தைத் தின்கிறது என்றும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இதில் இன்னொன்று. ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவூதியிலும் ஆள் சேர்க்கும் செலவு எஜமானுடையது என்றே சட்டம் சொல்கிறது. அப்படியானால் இந்த ஆறு இலட்சம் எதற்கு? பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் கதை தலைகீழ். அவருக்கு ஏஜென்சியே காசு கொடுக்கும். ஓரிரு இலட்சம், சிலவேளை அதற்கும் மேல். லோன் கட்ட முடியாமல், அடகு மீட்க முடியாமல் நிற்கும் வீட்டுக்கு அது அல்லாஹ் அனுப்பிய உதவி போலத் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு வேலை கடினம், வீடு சரியில்லை, திரும்பி வரவேண்டும் என்று அவர் கேட்டால், “அந்தக் காசைக் கட்டிவிட்டு வா” என்பார்கள். அந்தக் காசு ஏற்கெனவே கடன்காரனிடம் போயிருக்கும். நூறு வருஷத்துக்கு முன் சட்டம் ஒழித்த துண்டு இதுதான். அன்று அதில் துரையின் கையெழுத்தாவது இருந்தது. இன்று எழுத்தே இல்லை.

‘அறபு நாடுதானே’

எங்கட வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. முஸ்லிம் நாடு, பாங்கு கேட்கும், ஹலால் சாப்பாடு, குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அறபும் வரும் என்று. பாங்கு கேட்கும்தான். ஆனால் ஓதும் அறபு வேறு, வளைகுடா வீட்டுச் சமையலறையில் பேசும் அறபு வேறு. சட்டமும் வேறு. சவூதியில் வீட்டுப் பணியாளர்கள் பொதுவான தொழிற்சட்டத்துக்கு வெளியே, தனி விதிகளின் கீழ் இருக்கிறார்கள். குவைத்தில் 2015இல்தான் வீட்டுப் பணியாளருக்கென்று சட்டம் வந்தது. 2016இல் குறைந்தபட்சச் சம்பளம் 60 தீனார் என்று வைத்தார்கள். இகாமா எஜமானின் கையில் இருக்கும்வரை, பணியாளர் அந்த வீட்டை விட்டு வெளியேறினால் ‘ஓடிப்போனவர்’ ஆகிவிடுவார்.

மூதூர் றிஸானா நபீக்கை நாம் மறக்கக் கூடாது. 1988இல் பிறந்த பிள்ளைக்கு 1982 என்று போட்ட கடவுச்சீட்டு. 2005இல் சவூதி போனார். அவர் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்தது. 2007இல் மரணதண்டனை தீர்ப்பு. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அதன்பின் அதே வருஷம் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போகக்கூடாது என்றார்கள். விளைவு என்ன? அறிக்கை கிடைக்காத தாய்மார் விசிட் விசாவில் போனார்கள். பணியகத்தில் பதிவில்லை, காப்புறுதியில்லை, ஒப்பந்தமில்லை. 2022இல் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அதே வருஷம் விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்டு அகப்பட்ட பெண்களின் செய்தி நாடெங்கும் வந்தது. கதவை அடைத்தால் பெண் ஜன்னலால் போவாள். கடன் அவளைத் தள்ளும்.

எங்கட கூட்டங்களில் விவாதம் பெரும்பாலும் “மஹ்ரம் இல்லாமல் பெண் போகலாமா?” என்பதோடு முடிகிறது. மார்க்கம் தெரிந்தவர்கள் அதைப் பேசட்டும். அந்தப் பெண் போவதற்கு ஆறு மாசத்துக்கு முன் எத்தனை வாசலில் கடன் கேட்டு நின்றாள் என்பதையும் யாராவது கேட்க வேண்டும் அல்லவா?

குடும்பத்தோடு போகிறவர்கள்

படித்த பிள்ளைகள் மனைவி மக்களோடு போக ஆசைப்படுவார்கள். இங்கேதான் அந்த நாட்டு வாழ்க்கைச் செலவு முழுதாக முகத்தில் அடிக்கும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். அது அழைப்பதற்கான எல்லை. வாழ்வதற்கான எல்லை அதைவிட மேலே. வீட்டு வாடகையை வருஷத்துக்குச் சில காசோலைகளாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. பாடசாலைக் கட்டணம் தனி.

சவூதியில் 2017 ஜூலை முதல் கூட இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாசக் கட்டணம் வந்தது. 100 ரியாலில் தொடங்கி வருஷம் 100ஆக ஏறி 2020இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாசம் 1,200. வருஷம் 14,400 ரியால். டொலர் 300 கணக்கில் பதினொன்றரை இலட்சம் ரூபா. பெறுமதி சேர் வரியும் அதே 2020 ஜூலையில் 5இலிருந்து 15 வீதமானது. அந்த வருஷங்களில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு, தகப்பன் மட்டும் அறையொன்றில் கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தங்கின. போகுமுன் இந்தக் கட்டணங்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

ஒப்பந்தத்தில் ‘அடிப்படைச் சம்பளம்’ என்ற வரியையும் பாருங்கள். 1,200 திர்ஹம் என்று சொல்லிவிட்டு, அடிப்படை 700, படி 500 என்று பிரித்திருப்பார்கள். அங்கே வேலை முடித்து வரும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷமொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,200 முழுதும் அடிப்படையானால் வருஷத்துக்கு 840 திர்ஹம். 700 மட்டுமென்றால் 490. ஒரு வரியில் இருக்கும் வித்தியாசம் இது.

ஜமாஅத் செய்யக்கூடியது

தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத்துக்கு உரித்தான எட்டுக் கூட்டத்தாரைச் சொல்கிறது. அவர்களில் கடன்பட்டோர் உண்டு; வழிப்போக்கரும் உண்டு. வெளிநாட்டில் அகப்பட்டு டிக்கட்டுக்குக் காசில்லாமல் நிற்பவர் இந்த இரண்டிலும் வருவாரா என்று உலமாக்கள் விளக்க வேண்டும். நான் கணக்குக்காரனாக ஒன்று மட்டும் சொல்வேன். றமழானில் நூறு வீட்டுக்கு இரண்டாயிரம் வீதம் பிரித்துக் கொடுக்கும் இரண்டு இலட்சம் ஒரு வாரத்தில் கரையும். அதே தொகை இரண்டு குடும்பங்களின் வட்டிக் கடனை அடைத்தால், போகத் தேவையில்லாத இரண்டு தாய்மார் வீட்டிலிருப்பார்கள். இரண்டையும் செய்ய வசதியுள்ள ஊர் செய்யட்டும். வசதியில்லாத ஊர் யோசித்துச் செய்யட்டும்.

போகத்தான் வேண்டும் என்பவருக்குக் கர்ளு ஹஸனா, அதாவது வட்டியில்லாக் கடன், கொடுக்க ஒரு சிறு நிதி போதும். பெண்கள் தங்களுக்குள் சீட்டுப் பிடித்து நடத்தும் நாணயத்தை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அவர்களிடமே அந்த நிதியைக் கொடுத்தாலும் பிழையில்லை. தோட்டத்துச் சகோதரர்களுக்கும் அதில் இடமிருக்க வேண்டும். எங்கட கடைகளின் பற்றுக் கொப்பியில் அவர்கள் பெயர் தலைமுறையாக இருக்கிறது, அவர்கள் கொழுந்து பறித்த காசில்தான் இந்த பஸாரே எழுந்தது.

புறப்படுமுன்

ஒப்பந்தத் தாளோடு வருபவர்களிடம் நான் கேட்பவை இவை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, பிள்ளைகளும் கேட்க, பதில் எழுதுங்கள்.

இப்போது மொத்தக் கடன் எவ்வளவு, மாச வட்டி எவ்வளவு? போவதற்காகப் புதிதாக எவ்வளவு கடன், அல்லது யாரிடம் எவ்வளவு முன்பணம்? அங்கே அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு? நான் இல்லாததால் வீட்டில் கூடும் செலவு எவ்வளவு? இங்கே நான் விட்டுப்போகும் சம்பளமும் சேமலாப நிதியும் எவ்வளவு? இவற்றைக் கழித்து மாசம் மிஞ்சுவது என்ன? அது எத்தனையாவது மாசத்தில் மிஞ்சத் தொடங்கும்? மிஞ்சுவது யார் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகும்?

கடைசிக் கேள்வியில் பலர் தடுமாறுவார்கள். உழைப்பவரின் சொந்தப் பேரில் ஒரு கணக்கு இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு வேறொன்று. ஏஜென்சியின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்று பணியகத்தில் கேளுங்கள். பதிவில்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஒப்பந்தம், கடவுச்சீட்டு இரண்டினதும் பிரதி வீட்டில் இருக்கட்டும். பணியகத்தின் 1989 என்ற அவசர இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்குங்கள். அங்கே பிரச்சினை என்றால் முதலில் அழைக்கப்போவது அவர்கள்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் போகிறவர்கள் இருக்கிறார்கள். போய் வீடு கட்டியவர்கள், பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர்கள் இந்த ஊரிலேயே உண்டு. கணக்குப் போட்டுவிட்டு, தோட்டத்திலேயே பேர் போட்டுக்கொண்டு பின்னேரத்தில் மரக்கறி செய்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் தாங்கள் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருந்தது. தாளோடு வருகிறவர்கள் ஒரு பேனையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம்.